டியூனிங் அப்புறம், மீட்டர் முதலில்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது. அதற்குப் பிறகு, காப்பாரில் உள்ள என் பட்டறைக்கு வரும் பிக்கப்காரர்களின் பேச்சும் மாறிவிட்டது. முன்பு, "மேட்டில் இழுக்க மாட்டேங்குது, டியூன் பண்ணலாமா?" என்றார்கள். இப்போது, "டியூன் பண்ணினா எண்ணெய் மிச்சமாகுமாமே அண்ணே?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் மீட்டர் போடுவோம்.

"அதான் டேஷ்போர்டிலேயே இருக்கே!" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பல வண்டிகளில் அந்தச் சூட்டு முள், தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 95 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஓட்டுபவர் வீணாகப் பயப்படக்கூடாது என்பதற்காக. அது நகரத் தொடங்கும்போது விஷயம் கைமீறியிருக்கும். டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தருகிறது, புகை எவ்வளவு சூட்டோடு வெளியேறுகிறது என்ற இரண்டும் பெரும்பாலான பிக்கப்களில் காட்டப்படுவதே இல்லை. டியூனிங் கை வைப்பதோ நேராக அந்த இரண்டில்தான்.

டீசல் என்ஜினில் காற்றைவிட டீசல் கூடினால் சூடு ஏறும். கூடுதல் டீசலுக்கு ஈடான காற்று இல்லையென்றால் கரும்புகை வரும், புகையின் வெப்பம் எகிறும். டியூனிங் பெட்டி பெரும்பாலும் என்ன செய்கிறது? டீசல் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதாக வண்டியின் கணினியிடம் பொய் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ரீமேப் என்பது பொய் சொல்லாமல் கணினியின் கணக்கையே மாற்றி எழுதுவது. எப்படிச் செய்தாலும் உள்ளே போவது கூடுதல் டீசல்.

பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். புகை அந்தச் சூட்டைத் தொட்ட உடனே பிஸ்டன் உருகிவிடாது. எரிப்பு விட்டுவிட்டு நடக்கிறது, எண்ணெயும் தண்ணீரும் குளிர்விக்கின்றன. ஆனால் நீண்ட மேட்டில், நிமிடக்கணக்கில், பாரத்தோடு ஏறும்போது அந்தக் குளிர்ச்சி போதாமல் போகலாம். டர்போவுக்கு முன்னால் அளந்து, 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நிற்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கோடு.

"டர்போவுக்கு முன்னால்" என்பது முக்கியம். டர்போவைத் தாண்டிய பிறகு புகையின் வெப்பம் நூறு டிகிரிக்கு மேலும் குறைந்து காட்டும், அதுவும் பாரத்துக்கேற்ப மாறும். அங்கே உணரியைப் பொருத்துவது சுலபம், கூலியும் குறைவு. ஆனால் அந்த எண்ணை நம்பி மேடு ஏற முடியாது. முன்னால் பொருத்த வேண்டுமென்றால் புகைக் குழாயில் துளை போட வேண்டும். சிலர் கழற்றாமலேயே துளைபோட்டு, இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்பார்கள். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும். நான் கழற்றித்தான் துளைபோடுவேன். அரை நாள் வேலை, பரவாயில்லை.

உணரி என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்தது, அவ்வளவுதான். சூடு பட்டால் மிகச் சிறிய மின்னழுத்தம் எழும். 1821இல் சீபெக் என்ற ஜெர்மானியர் கண்ட விஷயம் இன்று நம்ம ஊர்ப் பிக்கப்பில் வேலை செய்கிறது.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்தார். மேருவிலிருந்து குவாந்தானுக்கு வாரம் மூன்று முறை இயந்திர உதிரிப்பாகங்கள் ஏற்றிப் போகும் வேலை. வண்டி ஒன்பது வருடக் கடனில் எடுத்தது. லோரி ஓட்டி ஓய்ந்த அவருடைய அப்பாவும் கூட வந்திருந்தார். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது. மகன் டியூனிங்குக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார். "என்ஜின் போச்சுன்னா தவணை யாரு கட்டுறது?" என்று அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார், மகனைப் பார்த்து அல்ல.

புகைச் சூட்டுக்கு ஒன்று, டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, ஆட்டோ கியர் வண்டி என்பதால் கியர் எண்ணெய்ச் சூட்டுக்கு ஒன்று என மூன்று மீட்டர் போட்டேன். டியூனிங்கைத் தொடவில்லை. வழக்கமான பாரத்தோடு காராக் நெடுஞ்சாலையில் ஏறினோம். கோம்பாக்கைத் தாண்டி கெந்திங் செம்பா வரை போகும் அந்த ஏற்றத்தைவிட நல்ல சோதனைக்கூடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பாதி மேட்டிலேயே சூடு 720. அழுத்தம் 0.8 பார். அதே மாடல் வண்டிகளில் நான் 1.1க்கு மேல் பார்த்திருக்கிறேன்.

டியூன் செய்யாத வண்டியே 720 காட்டுகிறது. அன்று பெட்டியை மாட்டியிருந்தால்?

திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால், இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. விரல் நீள வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். டர்போ தரும் காற்று பாதி வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, கறுத்துப்போன காற்று வடிகட்டியையும் மாற்றினேன். அடுத்த முறை அதே மேட்டில் 1.2 பார், 610 டிகிரி. "அண்ணே, சொல்லாம டியூன் பண்ணிட்டீங்களா?" என்றார் மகன். அப்பா அன்றுதான் சிரித்தார்.

இழுவை இல்லை என்று வரும் வண்டிகளில் இப்படி நான் நிறையவே பார்க்கிறேன். எண்ணெய் மிச்சம் என்ற பேச்சுக்கும் இதுவே பதில். பழுதை நீக்கினால் மிச்சமாகும். டியூனிங்கில் மிச்சம் வருமா என்பது ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. கிடைத்த கூடுதல் இழுவையை மிதித்துச் செலவழித்தால் டீசலும் சேர்ந்து செலவாகும்.

எல்லா மீட்டரையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஓபிடி துளையில் செருகும் சிறிய கருவி, கைப்பேசியிலேயே தண்ணீர்ச் சூட்டையும் டர்போ அழுத்தத்தையும் காட்டும். அதில் 2.1 என்று வந்தால் பயப்பட வேண்டாம், வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்த கணக்கு அது. ஏறக்குறைய 1 கழித்தால் மீட்டர் காட்டும் எண் வந்துவிடும். டர்போவுக்கு முன்னால் உள்ள புகைச் சூட்டுக்கு மட்டும், வண்டியிலேயே உணரி இல்லையென்றால், தனியாகத்தான் போட வேண்டும்.

அந்த இளைஞர் மூன்று மாதம் கழித்து மிதமான ரீமேப் செய்துகொண்டார். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டி. முடியாமல் இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். புகைக்கும் சட்டம் இருக்கிறது, 1996ஆம் ஆண்டு விதிகளின்படி 50 எச்எஸ்யூ தாண்டக்கூடாது. இப்போது அவருக்கு உச்சத்தில் 680 வருகிறது. 700ஐ நெருங்கினால் மிதியைத் தளர்த்தி ஒரு கியர் கீழே போடுகிறார். என்ஜின் வேகமாகச் சுழன்று காற்று கூடும், ஒவ்வொரு எரிப்பிலும் பாரம் குறையும், சில நொடியில் முள் இறங்கும். மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினாலும் சாவியை உடனே திருப்புவதில்லை. சூடு 200 டிகிரிக்கு இறங்கும் வரை என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் அப்பா இருந்தால், மீட்டரைப் பார்ப்பது அவர் வேலை.