கூடித் திட்டமிடுவோம்

நல்லாசிரியரும் நல்ல நூலும் கல்விக்கு இன்றியமையாதவை என்பதை யாவரும் அறிவர். கற்கும் இடமும் அத்துணை இன்றியமையாதது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

யான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதும்போதெல்லாம் பிழைபட எழுதும் மாணவன் ஒருவன் இருந்தான். கவனமில்லாதவன் என்று அவனைப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் தற்செயலாக அவனது இருக்கையில் அமர்ந்து பலகையை நோக்கினேன். பக்கத்துச் சாளரத்தின் ஒளி பட்டுப் பலகை பளபளத்தது. பாதி எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. பல்லாண்டுகள் அவ்வறையில் கற்பித்தும் யான் அதனை அறிந்திலேன். யான் நின்ற இடத்திலிருந்து பலகை நன்றாகவே தெரிந்தது! பலகையைச் சற்றுத் தள்ளி மாட்டியபின் அவன் எழுத்திற் பிழை குறைந்தது. ஆயினும், அதுவரை யான் கூறிய கடுஞ்சொற்களை மீட்க இயலுமோ?

ஓர் இடத்தின் குறைகள் ஒருவர் கண்ணுக்கே முழுவதும் தோன்றா. ஆதலின், பள்ளியைச் சீர்செய்ய விழைவோர் பலரும் கூடித் திட்டமிடுதல் வேண்டும்.

இதற்கு நம் நாட்டில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கடம்பத்தூரில் நடைபெற்றது. முதலிற் பள்ளிகளின் தேவைகளைக் கணக்கெடுத்தனர். அவற்றுக்கு ஆகும் செலவை மதிப்பிட்டுப் பட்டியல் வகுத்தனர். பின்னர் ஊரார் கூடித் தத்தமக்கு இயன்றதைச் செய்து தர முன்வந்தனர். தேவை தெளிவாக எழுதப்பட்டமையால், உதவுவோர்க்கும் வழி தெளிவாயிற்று. இம்முறை பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று.

இத்தகைய கூட்டத்தை நும் பள்ளியிலும் நடத்தலாம். அதற்குரிய படிகள் நான்கு.

முதற்படி காணல். மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியைத் தூய்மை செய்வோர் ஆகியோர் கலந்த சிறு குழுக்களை அமைத்துக்கொள்க. ஒவ்வொரு குழுவும் வகுப்பறை, நூலகம், தாழ்வாரம் ஆகியவற்றைச் சுற்றி வருக. பல இருக்கைகளிலும் அமர்ந்து பார்க்க. பலகை தெரிகின்றதா? ஆசிரியர் குரல் கேட்கின்றதா? காற்று வருகின்றதா? அமர்ந்தால் பாதம் தரையில் படிகின்றதா? வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்தால் கைந்நிழல் எழுத்தின்மேல் விழாது. இடக்கையால் எழுதுவோர்க்கு ஒளி வலப்பக்கத்திலிருந்து வருதல் நன்று. சக்கர நாற்காலியில் வருவோர்க்குச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமேனும் அதற்குத் தேவை.

இரண்டாம் படி கூறல். கண்டவற்றை ஒவ்வொருவரும் முதலில் தனித்தாளில் எழுதுக. அதன்பின் இளையோர் முன்னும் மூத்தோர் பின்னுமாகப் பேசுக. பெரியோர் முதலிற் பேசிவிட்டால், சிறியோர் தம் கருத்தை நெஞ்சிலேயே அடக்கிக்கொள்வர்.

மூன்றாம் படி வரிசைப்படுத்தல். பொருட்செலவின்றி இன்றே செய்யத் தக்கவை, சிறு செலவில் முடிபவை, அரசின் உதவி வேண்டுபவை எனக் குறைகளை மூவகையாகப் பிரித்துக்கொள்க. இருக்கைகளை மாற்றி அமைத்தல் முதல் வகை. சுவருக்கு வெள்ளையடித்தல் இரண்டாம் வகை. புதிய அறை கட்டுதல் மூன்றாம் வகை. ஒவ்வொரு வகையிலும் எது முதலில் வேண்டும் என்பதைப் பலர் கருத்தறிந்து முடிவு செய்க.

நான்காம் படி ஏற்றல். எச்செயலை யார், எந்நாளுக்குள் முடிப்பார் என்பதை எழுதி, யாவரும் காணுமாறு ஒட்டுக. ஒரு திங்கள் கழிந்தபின் மீண்டும் கூடி, முடிந்தவற்றையும் முடியாதவற்றையும் ஆராய்க. இப்படியை மறந்தால், கூட்டம் வெறும் பேச்சாகவே முடிந்துவிடும்.

மாணவர்களே! நும் வகுப்பின் குறைகளை நும்மினும் நன்கு அறிந்தவர் எவர்? நாளை வகுப்பறைக்குள் நுழைந்தவுடன், நீவிர் என்றும் அமராத ஓர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். அங்கு அமரும் தோழன் நாள்தோறும் படும் இடர் நும் கண்ணுக்குப் புலப்படலாம். சீரமைப்பு அங்கேயே தொடங்குகின்றது.