கணிப்பொறிக்கு வலை பின்னும் முன்

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகில், கடற்கழி ஒன்றில், 'ஸ்லைப்னர் ஏ' என்னும் மாபெரும் கான்கிரீட் அமைப்பு மூழ்கிப் போயிற்று. வடகடலில் எரிவாயு எடுப்பதற்கான மேடையின் அடிப்பகுதி அது. மேல்தளத்தைப் பொருத்துவதற்காக நீரில் மெல்லத் தாழ்த்திக் கொண்டிருந்தபோது, சுமார் 65 மீட்டர் நீரழுத்தத்தில் ஒரு சுவர் பிளந்தது. உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் சுமார் 70 கோடி டாலர்.

காரணங்களுள் முக்கியமானது ஒரு வலை. மீன்பிடி வலையன்று, கணிப்பொறிக்குள் பின்னிய வலை!

முடிவுறு கூறு முறையில் ஒரு பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கூறும் எளிய விதிப்படியே வளையும், நீளும் என்று கொள்கிறோம். மிக எளிய முக்கோணக் கூறில் தகைவு எங்கும் ஒரே அளவுதான். அப்படியானால், தகைவு சடுதியில் மாறும் இடத்தில் பெரிய கூறை வைத்தால் என்ன ஆகும்? உச்சம் சராசரியில் கரைந்துவிடும். ஸ்லைப்னரில் உருளை அறைகள் மூன்று கூடும் இடத்தில் வலை பருமனாகவும் கோணலாகவும் இருந்தது. சறுக்குப் பெயர்ச்சித் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது. சுவர் மெலிந்தது, உள்ளே வைத்த கம்பிகளின் நீளமும் போதவில்லை. விபத்துக்குப் பின் கவனமாக மீண்டும் கணித்தபோது, 62 மீட்டரில் உடையும் என்று விடை வந்தது.

இம்முறையைக் கற்கத் தொடங்கும் நீங்கள், முதலில் கூறின் வகையைத் தீர்மானியுங்கள். நீண்டு மெலிந்தவற்றுக்கு உத்திரக் கூறு, தகடுகளுக்கு ஓட்டுக் கூறு. எல்லாவற்றையும் திண்மக் கூறுகளால் நிரப்புவது வீண் வேலை. அதிலும் எளிய நான்முகிக் கூறுகள் வளையும் பொருளை உண்மையைவிட விறைப்பாகக் காட்டும். பக்கத்தின் நடுவிலும் கணு உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு வலையை இருமடங்கு நெருக்கமாக்கிப் பாருங்கள். விடை மாறுகிறதா? மாறினால் முதல் விடையை நம்ப வேண்டாம். தாங்கிகளின் எதிர்விசைகளைக் கூட்டினால் நீங்கள் இட்ட சுமை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வண்ணப் படங்களைப் பார்ப்பதிலேயே பொருளில்லை. ஒரு முனை சுவரில் பதிந்த உத்திரமானால் கைக்கணக்கே போதும்: சுமையை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, யங் குணகம், குறுக்குவெட்டுப் பரப்பின் நிலைமத் திருப்புத்திறன், 3 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் நுனியின் இறக்கம் வரும். ஒரு தாளில் ஐந்து நிமிட வேலை. ஏனோ பலர் இதைச் செய்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. உள்நோக்கி மடங்கிய கூர்மையான மூலையில், வலையை நெருக்க நெருக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிலைக்காது. மீள்திறன் கொள்கைப்படி அங்கே தகைவு முடிவிலி. உண்மைப் பொருளில் அந்த மூலை சற்றேனும் வளைந்திருக்கும். அந்த வளைவின் ஆரத்தையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு கணியுங்கள்.