சோப்பில் ஒரு சுழி

குளிர்முறைச் சோப்பில் நிறச்சுழி அமைவது கலவையின் பதத்தைப் பொறுத்தது. அளந்த தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை கட்டாயம், அலுமினியப் பாத்திரம் கூடாது. ஆறிய கரைசலை எண்ணெயில் கலக்கும்போது, கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறைவதே சரியான பதம். உடனே பாதிக் கலவையில் கரித்தூள் சேர்த்து, இரண்டையும் அச்சில் மாற்றி மாற்றி ஊற்றி, குச்சியால் இரண்டு வளைவு இழுத்தால் போதும். ஆசைப்பட்டுக் கிளறினால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துச் சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். அதிகாலையே நல்ல நேரம். மணத்துக்குச் சேர்க்கும் கிராம்பு எண்ணெய் இறுக்கத்தை இன்னும் விரைவுபடுத்தும். நிறத்துக்குச் சேர்க்கும் மஞ்சள்தூள் காரத்தில் சிவந்து, பிறகு வெளுக்கும். ஒரு நாள் கழித்து வில்லை போட்டு, 4 முதல் 6 வாரம் காற்றாட உலர்த்திய பிறகே குளிக்க எடுக்கலாம்.