ஒப்பித்தலும் புரிதலும்: எண்சுவடியை முன்வைத்து

யந்திரம் சரியாகப் பதில் சொல்கிறது, ஆனால் அதற்குப் 'புரியவில்லை' என்று இன்று சொல்கிறோம். தாமிரபரணிக் கரையில் இது பழைய வாசகம். 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகளும் கல்வி அதிகாரிகளும் திண்ணைப் பள்ளிப் பையன்களைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கான், அர்த்தம் தெரியாது.

ஒப்பித்தது எண்சுவடி. முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இந்தப் பின்னங்களை வாயிலேற்றியவன் பின்னாளில் களத்துமேட்டில் மரக்கால் கணக்கையும் வாரக் கணக்கையும் மனசிலேயே தீர்த்தான். நினைவே அவனுக்குக் கணக்குப் போடும் கருவி. செந்தில்பாபு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இதற்காகத் திண்ணையைப் புனிதப்படுத்த நான் தயாரில்லை. அதில் ஏறவே முடியாத சாதிப் பிள்ளைகள் பலருக்கு மிஷன் பள்ளிதான் கதவு திறந்தது.

ஆனால் புரிதலைச் சோதிக்க வந்தவர்கள் செய்தது என்ன? இங்கிலாந்தில் 1862இல் வந்த ஏற்பாட்டைப்போல, சென்னை மாகாணத்திலும் 1860களில் தேர்வு முடிவுக்கேற்ற மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு. வாத்தியார்கள் பாடப்புத்தகத்தையே உருப்போட வைத்தார்கள் (வேறென்ன செய்வார்கள், சாப்பிட வேண்டாமா?). சுவடி போய் ரீடர் வந்தது. ஒப்பித்தல் அப்படியே நின்றது.

யந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை ஆலன் டூரிங் 1950இல் ஒதுக்கிவிட்டு, உரையாடலில் மனிதரென நம்பவைக்குமா என்று கேட்டார். ஜான் சேர்ல் 1980இல் எதிர்வாதம் வைத்தார்: சீனம் தெரியாத ஒருவன் அறைக்குள்ளிருந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனத்தில் பிழையற்ற பதில்களை வெளியே தள்ளுகிறான், அவனுக்குச் சீனம் புரிந்ததா? என்னைக் கேட்டால், அந்த அறைக்காரன் களத்துமேட்டுக்கு வருவதே இல்லை. அளவு தப்பினால் "வே, இங்க வாரும், இன்னொருக்க அளந்து காட்டும்" என்று அவனை மறிக்க ஆளில்லை.

இன்றைய மொழி மாதிரிகளும் இன்ஸ்பெக்டருக்குத் தயாரான வகுப்பறைதான். வினாத்தாள் பயிற்சித் தரவுக்குள் கலந்துவிட்டால் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. 2024இல் ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிக் கணக்குகளில் எண்களை மாற்றியும், சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தும் கேட்டார்கள். மாதிரிகளின் மதிப்பெண் இறங்கியது.

இதே சோதனையை நம் பத்தாம் வகுப்பில் வைத்தாலும் பலருக்கு இறங்கும். யந்திரத்துக்கு இறங்கினால் அடுத்த மாதிரி வருகிறது. பிள்ளைக்கு இறங்கினால் திருநெல்வேலியில் திருப்பூர் பஸ் ஏறுகிறது.