கடலில் பிள்ளைகள், கரையில் அன்னையர்

ஒரு போர்க்கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது, அது எங்கே செல்கிறது, எந்நாளில் திரும்பும் என்பதை அதில் பணியாற்றும் மாலுமி தன் வீட்டாரிடம் கூற இயலாது. பெரும்பாலும் இளநிலை மாலுமிக்கே அது முழுமையாகத் தெரிந்திருக்காது. கரை மறைந்ததும் கைப்பேசி தொடர்பும் மறைந்துவிடும். அடுத்த அழைப்பு பத்து நாள்களில் வரலாம். நாற்பது நாள்களும் ஆகலாம். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்க 2008 அக்டோபர் முதல் நம் கடற்படைக் கப்பல்கள் முறைவைத்துச் சுற்றுக்காவல் புரிந்துவருகின்றன. அத்தகைய பணிக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலுக்குப் பின்னாலும், கரையில் சில நூறு வீடுகள் காத்திருக்கின்றன.

அவ்வீடுகளில் காத்திருப்போருள் மாலுமியின் மனைவியைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற தளங்களில் குடும்பக் குடியிருப்புகள் உள்ளன. கடற்படை மனைவியர் நலச் சங்கமாகத் தொடங்கி, இன்று கடற்படை நல மற்றும் நல்வாழ்வுச் சங்கம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பும் அங்கே துணைநிற்கிறது. ஆனால் மாலுமியின் தாய் அக்குடியிருப்பில் இருப்பதில்லை. அவர் பெரும்பாலும் கடலைக் காணாத ஊரொன்றில், கடற்படையைப் பற்றி எதுவும் அறியாத அக்கம்பக்கத்தாரிடையே வாழ்கிறார். அவரைப் போன்ற தாய்மார்களை ஒன்றுசேர்க்கும் உள்ளூர்க் குழுக்கள் ஏன் தேவை, அவை எவ்வாறு இயங்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அக்னிவீரர்களும் அன்னையரும்

இத்தேவை அண்மை ஆண்டுகளில் பெருகியிருப்பதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ், இளைஞர்கள் நான்காண்டுக் காலத்திற்குப் படையில் சேர்க்கப்படுகின்றனர். மணமாகாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். பணிக்காலத்தில் மணம் புரிதலும் கூடாது. ஆகவே, அக்னிவீர் மாலுமி ஒருவருக்கு மிக நெருங்கிய உறவு அவருடைய தாயும் தந்தையுமே. மனைவியை மையமாகக் கொண்ட நல ஏற்பாடுகள் எவ்வளவு சிறந்தவையாயினும், இக்குடும்பங்களை அவை எளிதில் எட்டுவதில்லை.

இவர்களுக்கான தொடக்கப் பயிற்சி ஒடிசா மாநிலத்தில், சில்கா ஏரிக் கரையிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவில் நடைபெறுகிறது. முதல் அணியினர் ஏறத்தாழ 2,600 பேர் 2023 மார்ச் 28 அன்று பயிற்சி முடித்து வெளிவந்தனர். கதிரவன் மறைந்த பின் நடைபெற்ற அந்த அணிவகுப்பில் பெண்களும் இருந்தனர். மாலுமி நிலையில் பெண்கள் சேர்க்கப்பட்டது அந்த அணியில்தான் தொடங்கிற்று. மகனைக் கடலுக்கு அனுப்பிய தாய்மார்களின் வரிசையில், மகளை அனுப்பிய தாய்மார்களும் இப்போது சேர்ந்திருக்கின்றனர். மகனை அனுப்பியவருக்கு ஊரார் வாழ்த்துக் கூறுவர், மகளை அனுப்பியவரிடம் "துணிந்து எப்படி அனுப்பினீர்கள்?" என்று கேட்போரும் உண்டு. இத்தாய்க்கு ஒத்த அனுபவமுடைய இன்னொரு தாயின் துணை எத்துணை மதிப்புடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி

படைவீரர்களின் தாய்மார்கள் அமைப்பாகத் திரண்டதற்கு நன்கு பதிவுசெய்யப்பட்ட சான்று அமெரிக்காவில் உள்ளது. முதல் உலகப்போரின்போது, 1917-இல், இரு மகன்களைப் போர்முனைக்கு அனுப்பிய ஒஹையோ மாநிலத்துப் படைத்தலைவர் ராபர்ட் குவைஸ்னர், வீட்டுச் சாளரத்தில் தொங்கவிடத்தக்க சிறு கொடி ஒன்றை வடிவமைத்தார். படையிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு நீல விண்மீன். பிள்ளை உயிர் துறந்தால் நீலத்தின் மீது பொன்னிற விண்மீன் இடம்பெறும்.

1942 ஜனவரியில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் ஜார்ஜ் மெயின்ஸ் என்பவர், படையிலுள்ளோரின் தாய்மார்கள் கூடுமாறு உள்ளூர்ச் செய்தித்தாளில் அழைப்பு விடுத்தார். பிப்ரவரி முதல் நாளன்று ஏறத்தாழ 300 தாய்மார்கள் ஒரு விடுதியில் கூடினர். நீல விண்மீன் அன்னையர் அமைப்பு அன்று பிறந்தது. அவர்கள் மருத்துவமனைகளில் தொண்டாற்றினர். தொடர்வண்டி நிலையங்களில் வீரர்களை வரவேற்றனர். கடல் கடந்து பணிபுரிவோருக்குப் பொதிகள் அனுப்பினர். ஊர்தோறும் கிளைகள் அமைந்தன. 1960-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வமைப்புக்குச் சாசனம் வழங்கியது. பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கான தங்க விண்மீன் அன்னையர் அமைப்பு அதற்கு முன்பே, 1928-இல், தோன்றியிருந்தது.

அதே 1942-ஆம் ஆண்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி, இத்தகைய குழுக்களுக்கு வேண்டிய பண்பு எது என்பதை உணர்த்துகிறது. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் ஜூனோ என்ற ஒரே போர்க்கப்பலில் பணியாற்றினர். நவம்பர் 13 அன்று குவாடல்கனால் அருகே அக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அரசு உடனே செய்தி வெளியிடவில்லை. மகன்களிடமிருந்து கடிதங்கள் நின்றன. பின்னர், இன்னொரு மாலுமியின் தாய் தமக்கு வந்த கடிதத்தில் கண்டதைக் கூற, ஐவரும் மாண்டனர் என்னும் பேச்சு ஊரெங்கும் பரவியது. தாயார் அலீட்டா சல்லிவன், இது மெய்யா என்று கேட்டுக் கடற்படை அலுவலகத்துக்கே கடிதம் எழுதினார். 1943 ஜனவரியில்தான் அதிகாரிகள் வீடு தேடி வந்து செய்தியை உறுதிப்படுத்தினர்.

இங்கே பரவிய பேச்சு உண்மையாயிற்று. ஆனால் அது உண்மையா பொய்யா என்று அறியாமல் அத்தாய் கழித்த நாள்களை எண்ணிப் பாருங்கள். தாய்மார்களின் தொடர்பு ஆறுதலையும் கொண்டுசெல்லும். அச்சத்தையும் அதே வேகத்தில் கொண்டுசெல்லும். கேட்ட செய்தியை உரிய இடத்தில் உறுதிசெய்யாமல் அடுத்தவருக்குச் சொல்வதில்லை என்பதே இத்தகைய குழுவின் முதல் விதியாக இருத்தல் வேண்டும்.

நம் நாட்டின் நினைவுகள்

நம் கடற்படையும் பேரிழப்புகளைக் கண்டிருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று இரவு, டையூ கடற்பகுதியில் ஐ.என்.எஸ். குக்ரி தாக்கப்பட்டு மூழ்கியபோது, கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா உள்ளிட்ட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர். 2013 ஆகஸ்ட் 14 அன்று, மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்ததில் 18 பேர் மாண்டனர். அன்று தொலைக்காட்சியில் அச்செய்தி ஓடியபோது, வேறு கப்பல்களில் பணிபுரிந்தோரின் தாய்மார்களும் நடுங்கியிருப்பர். தம் பிள்ளை எந்தக் கப்பலில் இருக்கிறான், அவசரத்தில் யாரை அணுகுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

எழுதி வைக்க வேண்டியவை சிலவே. பிள்ளையின் பணி எண், பதவி, அவர் சார்ந்த கப்பல் அல்லது தளத்தின் பெயர், கடிதம் அனுப்பும் முகவரி ஆகியவை முதன்மையானவை. மேற்கு, கிழக்குக் கடற்படைக் கப்பல்களுக்குரிய அஞ்சல், மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள கடற்படை அஞ்சல் அலுவலகங்கள் வழியே செல்கிறது. மாலுமிகளின் பணிப் பதிவேடுகளை மும்பையிலுள்ள மாலுமிகள் பணியகம் பேணுகிறது. மாவட்ட அளவில் அமைந்துள்ள சைனிக் நல அலுவலகம், முன்னாள் படைவீரர்களுக்கு மட்டுமன்றி, பணியிலிருப்போரின் குடும்பங்களுக்கும் உதவும் பொறுப்புடையது. தாய்மார் குழு ஒன்று அமையுமாயின், அதன் முதல் கூட்டத்தை அவ்வலுவலகத்தின் துணையுடன் நடத்துவது நன்று.

எழுதக் கூடாதவையும் உள்ளன. கப்பல் புறப்படும் நாள், சென்று சேரும் துறைமுகம், பிள்ளை சீருடையில் கப்பலில் நிற்கும் படம் ஆகியவற்றைச் சமூக ஊடகத்தில் பகிர்தல் கூடாது. உளவு பார்த்ததாகக் கடற்படையினர் எழுவர் கைதானதைத் தொடர்ந்து, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் திறன்பேசிகளுக்கும் சமூக ஊடகங்களுக்கும் கடற்படை தடை விதித்தது. பிள்ளை காக்கும் மறையைத் தாயும் காக்க வேண்டும். குழுவில் மூத்த தாய் ஒருவர் இதைப் பக்குவமாக எடுத்துரைத்தால், புதியவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்வர்.

கணக்குப் புத்தகம் சொல்லும் செய்தி

வங்கிக் கிளையில் பணிபுரியும் எம்மைப் போன்றோர் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். மாதத் தொடக்கத்தில் கணக்குப் புத்தகத்தைப் பதிவிட வரும் படைவீரர்களின் தாய்மார்களுள் சிலர், இருப்புத் தொகையைப் பார்ப்பதற்கு முன் பணம் வந்த தேதியைப் பார்ப்பர். அவர்களுக்கு அத்தேதி, பிள்ளை கரை சேர்ந்தான் என்பதற்கு அடையாளம். பணம் வரத் தாமதமானால் ஏதோ நேர்ந்துவிட்டது என்ற கலக்கம் எழுகிறது. மாதந்தோறும் குறித்த நாளில் தாயின் கணக்குக்குப் பணம் தானே சென்று சேருமாறு, புறப்படுமுன் மாலுமி தம் வங்கிக்கு எழுத்து மூலம் அறிவுறுத்திவிட்டால், இக்கலக்கத்தில் பாதி தீரும்.

அக்னிவீரரின் வருவாயைக் குடும்பத்தார் சரியாக அறிந்திருத்தலும் தேவை. முதலாண்டில் மாத ஊதியம் ரூ.30,000. அதில் 30 விழுக்காடு, அதாவது ரூ.9,000, சேவா நிதியில் சேரும். கைக்கு வருவது ரூ.21,000. நான்காம் ஆண்டில் ஊதியம் ரூ.40,000, பிடித்தம் ரூ.12,000. நான்காண்டுகளில் வீரரின் பங்கு ஏறத்தாழ ரூ.5.02 லட்சமாகும். அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. வட்டியுடன் சேர்த்துப் பணிக்கால நிறைவில் வழங்கப்படும் இத்தொகைக்கு வருமான வரி இல்லை. நிரந்தரப் பணியில் தொடர்வதற்கு ஓர் அணியில் 25 விழுக்காட்டினர் வரையே தேர்ந்தெடுக்கப்படுவர். எனவே, அத்தொகை வருமுன்பே அதை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்குவது அறிவுடைமையாகாது. மேற்படிப்புக்கா, தொழிலுக்கா, வைப்பு நிதிக்கா என்பதைப் பிள்ளையுடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும். நான்காண்டை நிறைவு செய்த பிள்ளையின் தாய், இப்போது தொடங்கும் பிள்ளையின் தாய்க்கு இதில் தரக்கூடிய அறிவுரை, எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

பேசத் தயங்கும் பொருள் ஒன்றும் உண்டு. அக்னிவீரர் ஒவ்வொருவருக்கும் ரூ.48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உள்ளது. அதற்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக உயிரிழப்பு நேரின், ரூ.44 லட்சம் கருணைத்தொகையும் உண்டு. இவற்றைப் பற்றிக் கேட்பதே தீய நிமித்தம் என்று பல தாய்மார்கள் காதைப் பொத்திக்கொள்வர். அத்தயக்கம் இயல்பானது. ஆயினும், பணி ஆவணங்களிலும் வங்கிக் கணக்கிலும் நியமனதாரர் பெயர் சரியாக உள்ளதா, அதன் எழுத்துகள் ஆதாரில் உள்ளவாறே உள்ளனவா என்பதை ஆண்டுக்கொரு முறை பார்த்தல் கட்டாயம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்ற வசதி நடைமுறைக்கு வந்துள்ளது. தாய், தந்தை இருவரையும் உரிய விழுக்காட்டுடன் குறிப்பிட இது வழிசெய்கிறது.

பிள்ளை தொலைவில் இருப்பதை அறிந்து வலை வீசுவோரிடமும் விழிப்பு வேண்டும். "உங்கள் மகனுக்கு விபத்து, சிகிச்சைக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் வரும் குரலை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. கடற்படை எந்தக் குடும்பத்திடமும் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அத்தகைய அழைப்பு வந்தால், முதலில் குழுவிலுள்ள இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்ற பழக்கமே பெரும் காப்பு. ஏமாந்துவிட்டால், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

தொடங்குவது எளிது

இத்தகைய குழுவுக்குப் பெரிய கட்டமைப்பு தேவையில்லை. 1992-இல் நபார்டு வங்கி முயற்சியால் வங்கிகளோடு இணைக்கப்பட்ட சுய உதவிக் குழுக்களின் நடைமுறையை நம் தாய்மார்கள் நன்கறிவர். பத்து முதல் இருபது பேர், மாதம் ஒரு கூட்டம், ஒரு குறிப்பேடு, இயன்றால் ஒரு சிறு சேமிப்பு, அவ்வளவே. ஒரே வட்டத்தில் கடற்படைத் தாய்மார்கள் சிலரே இருப்பின், தரைப்படை, வான்படை வீரர்களின் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பணி ஓய்வு பெற்ற மாலுமி ஒருவர் ஊரில் இருந்தால், கப்பல் வாழ்க்கை எத்தகையது என்று ஒருநாள் வந்து விளக்கச் சொல்லலாம். அறியாமையால் வரும் அச்சம், அறிந்த அளவுக்குக் குறையும்.

கிளை மேலாளரையும் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். நியமனப் படிவம் நிரப்புவது முதல் வைப்பு நிதி வரை விளக்குவது எங்கள் கடமையே. ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகவும், டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. வரும் டிசம்பருக்குள் உங்கள் ஊரில் இப்படியொரு முதல் கூட்டம் நடைபெறுமானால், அடுத்த முறை கைப்பேசி பல நாள்கள் ஒலிக்காதிருக்கும்போது, "என் மகனும் இன்னும் பேசவில்லை அம்மா, கப்பல் கடலில் இருக்கிறது, அவ்வளவுதான்" என்று சொல்ல ஒருவர் அடுத்த தெருவில் இருப்பார்.