காடியைப் பார்த்தபின் மூளையைப் பார்க்கலாம்

கால் பின்னித் தள்ளாடும் பசு, ஒரே பக்கமாகச் சுற்றி வரும் ஆடு, கண் திறந்தபடியே சுவரில் முட்டி நிற்கும் கன்று. இவற்றைப் பார்க்கும் எவரும் மூளையில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் அதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, விறைப்பு, பார்வையிழப்பு, வாதம் என நரம்பு மண்டலம் காட்டக்கூடிய அறிகுறிகள் சிலவே. அவற்றை உண்டாக்கும் காரணங்களோ ஏராளம்: கிருமி, புழு, நஞ்சு, சத்துக்குறை. அறிகுறி எந்த இடத்தில் பாதிப்பு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு மாடு தின்றது என்ன, ஈன்றது எப்போது, காயம் உண்டா, நாய் கடித்ததா என்று கேட்டாக வேண்டும்.

கன்று போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் கறவைப் பசு படுத்துவிடுகிறது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டு, மயங்கிக் கிடக்கிறது. பால் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் உடம்பு சுடுவதில்லை. வெப்பம் பெரும்பாலும் இயல்புக்குக் கீழேதான் இருக்கும். மூளையில் எந்தப் பழுதும் கிடையாது. சீம்பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்விட, இரத்தத்தில் அது திடீரெனக் குறைந்திருக்கிறது. மருத்துவர் இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றினால் சில மணி நேரத்தில் பசு எழுந்துவிடக்கூடும். பார்வை போய், தலையை அண்ணாந்து வைத்து நிற்கும் கன்றின் கதை வேறு. தானியமோ மாவோ அளவுக்கு மீறித் தின்றிருந்தால் முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் குலைந்து, அவை தயாரித்துத் தரும் பி1 வைட்டமின் மூளைக்குக் கிட்டாமல் போகலாம். ஆரம்பத்திலேயே அந்த வைட்டமினை ஊசியாகப் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் பழைய பேட்டரியையோ பெயின்ட் பூசிய கம்பியையோ நக்கிய கன்றும் அதே போலக் குருடாகிப் பல்லை நறநறவென்று கடிக்கும். அங்கே நஞ்சு ஈயம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண்ணைப் பார்ப்பதைவிடக் கொட்டகையைச் சுற்றிப் பார்ப்பதுதான்.

வட்டமடிக்கும் ஆட்டிலும் இதே சிக்கல். ஒரு பக்கக் காது தொங்கி, உதடு கோணி, எச்சில் வடிய, சில நாட்களுக்குள் நிலைமை மோசமானால் லிஸ்டீரியா கிருமியைச் சந்தேகிக்கலாம். சரியாகப் பதப்படுத்தாத ஊறுகாய்ப்புல்லில் பெருகும் இக்கிருமி, வாய்ப்புண் வழியே புகுந்து முகத்திலுள்ள நரம்பைப் பற்றி மூளைத்தண்டுக்குப் போகிறது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சுற்றல் கூடினால், மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்கலாம். அதன் முட்டைகளை மேய்ச்சல் நிலத்தில் விடுவது நாய். நாய்க்கு அந்தப் புழு வருவதோ செத்த ஆட்டின் தலையைத் தின்பதால். முன்னதைத் தடுக்கத் தீவனத்தைத் திருத்த வேண்டும். பின்னதைத் தடுக்க நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுத் தலையை ஆழப் புதைக்க வேண்டும்.

தீவனத்தை விசாரிப்பது பாமர யோசனை, ஆய்வுக்கூடமே உண்மை சொல்லும் என்று எண்ணுபவர்களுக்கு பிரிட்டன் பாடம் இருக்கிறது. 1986 நவம்பரில் அங்கே மாட்டு மூளையைப் பஞ்சுபோலத் துளைக்கும் புதிய நோய் நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்டது. பைத்திய மாட்டு நோய் என்று உலகம் பின்னர் அறிந்தது அதுதான். நோய் என்ன செய்கிறது என்பதை நுண்ணோக்கி காட்டியது. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டியது பண்ணை பண்ணையாக நடந்த விசாரணை. அடர்தீவனம் மிகுதியாகத் தின்ற கறவை மந்தைகளிலேயே நோய் அதிகம். விசாரணை, இறைச்சி-எலும்புத் தூள் கலந்த தீவனத்தில் போய் நின்றது. நோய்க் காரணி பற்றிய வாதங்கள் ஓயாத நிலையிலேயே, 1988-இல் அசைபோடும் கால்நடைகளின் உடல் எச்சங்களை அவற்றுக்கே தீவனமாக்குவது தடை செய்யப்பட்டது. நோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகும் என்பதால் எண்ணிக்கை 1992 வாக்கில்தான் உச்சம் தொட்டு இறங்கியது. அதற்குள் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளைத் தாக்கப்போகும் தொற்று மந்தைகளில் ஊன்றிவிட்டது. 1996-இல் மனிதர்களுக்கும் இதனால் நோய் வருவதாக அரசு ஒப்புக்கொண்டது.

‘மாடு சாகக் கிடக்கும்போது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதா, முதலில் ஊசி போடுங்கள்’ என்பது நியாயமான அவசரம்தான். ஆனால் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். எந்த மருந்து என்பதை முடிவு செய்யவே விவரம் தேவை. அதைவிடப் பெரிய ஆபத்து வெறிநாய்க்கடி நோய். நோய் கண்ட மாடு விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக, தொண்டை கம்மிய குரலில் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று கையை விட்டால், அந்த எச்சிலில் இருக்கும் கிருமி கைக்காயம் வழியே மனிதனுக்கு வந்துவிடக்கூடும். அறிகுறி தோன்றியபின் இந்நோய்க்குச் சிகிச்சையில்லை. எனவே அப்படிப்பட்ட மாட்டின் வாயில் கைவைக்காமல் கட்டி வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை, விவசாயிக்கு என்ன தெரியும் என்பதும் ஓர் ஆட்சேபம். ஆனால் ஈன்ற தேதியும், நேற்றுப் போட்ட தீவனமும், தெருநாய் வந்துபோனதும் மருத்துவரின் பையில் இல்லை. வளர்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அவற்றை அவர் தெளிவாகச் சொல்லும்போதுதான் மருத்துவரின் சோதனை சரியான இடத்தில் தொடங்குகிறது.