முன்பாத நரம்பு நோவு

நடக்குங்கால் சப்பாத்தினுள்ளே சிறு கல்லொன்று அகப்பட்டாற்போல் உறுத்துகின்றது. கழற்றி உதறினால் கல்லைக் காணோம். மூன்றாம் நான்காம் கால்விரல்களில் எரிவும் விறைப்பும் பரவுகின்றன. இந்நோயை 1845இல் இலண்டன் பாத வைத்தியர் லூயிஸ் டர்லாக்கர் குறித்து வைத்தார். 1876இல் பிலடெல்பியா நகரத்துச் சத்திர வைத்தியர் தோமஸ் மோர்ட்டன் விரித்துரைத்தமையால் அது அவர் பெயரைப் பெற்றது.

விரல்களை நோக்கிச் செல்லும் நரம்பு முன்பாத என்புகளருகே ஓயாது நெருக்குண்பதால் அதனைச் சூழ்ந்த இழையம் தடிக்கின்றது. இதனைக் கட்டியென்பாருளர், எனினும் இது புற்றுநோயன்று. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் இது தோன்றாது. அதுகொண்டு நோயாளியின் முறைப்பாட்டைப் பொய்யென்று தள்ளுதல் தகாது.

முனை ஒடுங்கிய சப்பாத்தும் உயர்ந்த குதியும் இந்நெருக்கத்தை மிகுவிப்பன. ஆதலின் முதன் மருந்து அகன்ற சப்பாத்தே. நோவுமிடத்துக்குச் சற்றுப் பின்னே வைக்கும் மெத்தென்ற திண்டு பாரத்தைக் குறைக்கும். இவற்றால் தணியாதவிடத்து ஊசிமருந்தும், இறுதியிற் சத்திரசிகிச்சையும் உள. நரம்பை வெட்டி நீக்கின் அவ்விரலிடையே உணர்ச்சி குன்றுமென்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

நீரிழிவுடையோர் கால் விறைப்பை இந்நோயென்று தாமே துணியாது வைத்தியரை நாடுக. மைதானத்தில் ஓடும் மாணவர்க்கும், நெடுநேரம் நின்று கற்பிக்கும் ஆசிரியர்க்கும் நாம் கூறுவது இதுவே: பொருந்தாத சப்பாத்தை இன்றே மாற்றுக, நோவைப் பொறுத்துக்கொண்டு ஓடற்க.